பெட்டியில் எழுதிய வேகம்

கிளிநொச்சியில் ஷெல் விழத் தொடங்கியதும், கணினிக் கடையில் ஸ்கான் செய்து வைத்திருந்த குடும்பப் படங்களைப் பென் டிரைவில் வாங்க ஓடினேன். கடைக்காரர் மெலிந்தவர். நூலால் கட்டிய மூக்குக்கண்ணாடி. படங்கள் ஏறிக்கொண்டிருந்த பென் டிரைவில் விரலை வைத்துச் சூடு பார்த்தபடியே இருந்தார்.

"பெட்டியில போட்டிருக்கிற வேகம் வரேல்லையே, அண்ணை?"

"அது ஒரு பெரிய ஃபைலை வாசிக்கிற வேகம், தங்கச்சி. உங்கட ஆயிரம் சின்னப் படங்கள். ஒவ்வொண்டையும் பேர் பதிஞ்செல்லோ உள்ள விடும். ஓமந்தைச் சோதனைச்சாவடியில பஸ்ஸை மறிச்சு ஒவ்வொருத்தராய் இறக்கிப் பதியுற மாதிரி."

ஜெனரேட்டர் நிற்குமுன் கடைசிப் படத்தையும் ஏற்றித் தந்தார்.

"நீங்கள் ஊரை விட்டு வெளிக்கிடேல்லையோ?"

"இன்னும் ரெண்டு பேரின்ர படங்கள் கிடக்கு."

அடுத்த ஆண்டு ஓமந்தையில் இராணுவத்தினர் எங்களை ஒவ்வொருவராகப் பதிந்தார்கள். அந்தக் கடைக்காரர் வந்துவிட்டாரா என்று விசாரித்தேன். பெயர் கேட்டார்கள். நான் அவரிடம் வேகத்தை மட்டும்தான் கேட்டிருந்தேன்.