இருபது நாள்

எங்கள் பனியன் கம்பெனியில் ஏற்றுமதிக் காகிதம் எதுவும் என் மேசையைத் தாண்டாமல் போகாது. சரக்குக்குப் பணம் வரும் என்று வங்கி உறுதி தரும் எல்.சி. கடிதத்தில் சரக்கு ஏற்றக் கடைசித் தேதி ஒன்று, எல்.சி. முடியும் தேதி இன்னொன்று. ஒன்றை மற்றொன்றாகப் படித்தால் சரக்கு போய்விடும், பணம் வராது. பதினான்கு வருடமாக அந்தக் கண்தான் எனக்குச் சோறு போடுகிறது.

எங்களிடம் சரக்கு வாங்கும் ஜெர்மனி பையரோடு அத்தனை வருடமும் பேசியதும் நான்தான். அந்த அம்மாவுக்கு என் குரல் பழக்கம். ஆனால் அங்கே கண்காட்சிக்கு ஆள் அனுப்புவது என்று வந்தபோது, வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம்கூட ஆகாத, ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரை அனுப்ப முதலாளி முடிவு செய்தார். என்னைவிடப் பத்து வயது இளையவன். பையருக்கு மெயில் எழுத அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான். எனக்கு வயிறு எரிந்தது. பயணத்துக்கென்று அவன் மாமனார் பல்லடத்தில் எடுத்துக்கொடுத்த குளிர்க் கோட்டு ஒன்றை ஒருநாள் ஆபீசுக்கே போட்டுக்கொண்டு வந்து காட்டினான். அவனுக்கு நன்றாகத்தான் இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

விசா ஒட்டிய பாஸ்போர்ட் வந்தது. முதலில் பத்து நாள் பயணம் என்றுதான் பேச்சு. விசா முடியும் தேதி நன்றாகத் தள்ளி இருப்பதைப் பார்த்த முதலாளி, மற்ற பையர்களையும் பார்த்து, ஒரு மாதம் இருந்துவிட்டு வரட்டும் என்றார். டிக்கெட் போடும் முன் அவன் பாஸ்போர்ட்டை என்னிடம் நீட்டினான்.

"நீங்க ஒருக்கா பாத்துட்டீங்கன்னா எனக்கு நிம்மதிங்க்கா."

பார்த்தேன். இரண்டு தேதிகளுக்கும் கீழே சின்னதாக இருபது என்று அச்சடித்திருந்தது. தேதிகள், எப்போதிலிருந்து எப்போதுக்குள் போய்வரலாம் என்பதைச் சொல்பவை. அதற்குள் எத்தனை நாள் தங்கலாம் என்பது அந்த இருபது. என் கண் முதலில் போய் விழுந்ததே அதன்மேல்தான்.

"சரியாத்தான் இருக்குதுங்க தம்பி" என்று திருப்பிக் கொடுத்தேன்.

அங்கிருந்து தினமும் படம் அனுப்பினான். ஒரு கடையில் நம் டி-ஷர்ட் தொங்கியது. அந்த ஆர்டருக்கான காகிதம் அத்தனையும் நான் போட்டது. பக்கத்தில் நின்று சிரித்தவன் அவன். இருபதாம் நாள்வரை விரல்விட்டு எண்ணினேன். அப்போதாவது ஒரு போன் செய்திருக்கலாம். செய்யவில்லை.

திரும்பும்போது விமான நிலையத்தில் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். கூடுதலாகத் தங்கிய நாட்கள் பதிவாகிவிட்டன. அடுத்த கண்காட்சிக்கு அவன் விண்ணப்பித்தபோது விசா மறுத்துவிட்டார்கள். முதலாளி என்னைப் போகச் சொன்னார். நான் ஆசைப்பட்டது அப்படியே கைக்கு வந்தது.

என் பாஸ்போர்ட் வந்த அன்று அவனே என் மேசைக்கு வந்தான். விசாவின்மேல் ஸ்கேலை வைத்து ஒரு எண்ணைக் காட்டினான்.

"இது வரைக்குந்தானுங்க்கா தங்கலாம். தேதியப் பாத்து ஏமாந்துறாதீங்க. அன்னிக்கு எனக்கும் தெரியல, உங்களுக்கும் தெரியல பாருங்க."

வீட்டில் கிடக்கும் அந்தக் குளிர்க் கோட்டை நாளைக்குக் கொண்டுவருவதாகவும், அங்கே குளிர் தாங்காது என்றும் சொன்னான். இவனால் இப்படிச் சூதில்லாமல் இருக்க முடிகிறதே என்று, பாழாய்ப்போன மனசு அப்போதும் அவனைப் பார்த்துப் பொறாமைதான் பட்டது. அன்றைக்கு எனக்கும் தெரியவில்லைதான் என்பதுபோல் தலையாட்டினேன்.