எத்தனாலுக்கு வக்காலத்து வாங்கியவன்

பெட்ரோல் பங்க் மேனேஜர் வேலையில் முக்கால்வாசி நேரம் பதில் சொல்வதிலேயே போய்விடும். மிச்ச நேரத்தில்தான் பெட்ரோல் போடுகிறோம். மருந்துக்கடைக்காரர்களே, வங்கிக் காசாளர்களே, ரேஷன் கடையில் எடை போடுகிறவர்களே, கவுண்டருக்குப் பின்னால் நின்று ஊரார் கேள்விக்கெல்லாம் முழிக்கிற சக ஜீவன்களே, உங்களுக்கு இது புரியும். திருத்தணியில் அரக்கோணம் சாலையில் ஒரு பங்க்கில் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறேன். ரொம்ப நாள் வரைக்கும் என்னிடம் வந்த கேள்வி இரண்டுதான்: காற்று இருக்கிறதா, கழிவறை எங்கே. அப்புறம் பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால் கலந்து வர ஆரம்பித்தது. அதோடு என் நிம்மதி போயிற்று.

ஒரு நாள் படிப்பு

முதலாளி என்னைச் சென்னையில் ஒரு ஓட்டலுக்கு ஒரு நாள் பயிற்சிக்கு அனுப்பினார். காலையில் எத்தனால் என்றால் என்ன என்று சொன்னார்கள். மத்தியானம் பிரியாணி போட்டார்கள். அதற்கப்புறம் சொன்ன எதுவும் என் காதில் விழவில்லை, ஏசி அப்படி. சாயங்காலம் ஒரு சான்றிதழும் ஒரு தொப்பியும் கொடுத்தார்கள். மறுநாள் அந்தத் தொப்பியோடு பங்க்கில் நின்றபோது, எத்தனாலைக் கண்டுபிடித்தவனே நான்தான் என்கிற தோரணை எனக்கு வந்துவிட்டது.

முதலில் மாட்டியவர் டாக்ஸி முனிரத்தினம். எங்கள் ஊர் முருகன் மலைக்கும் திருப்பதிக்கும் பக்தர்களை ஏற்றிப் போகிறவர். அவருடைய கார் பதிமூன்று வருஷப் பழசு. அந்த ஒரு கார்தான் அவர் வீட்டில் நாலு பேருக்குச் சோறு போடுகிறது. புதுப் பெட்ரோல் பழைய வண்டிக்கு ஒத்துக்கொள்ளுமா, இன்ஜின் போய்விடுமா என்று கேட்டார். மைலேஜ் கொஞ்சம் குறையும் என்று எனக்குத் தெரியும், சொல்லவில்லை. பழைய வண்டியென்றால் ரப்பர் ட்யூபைப் பார்த்து மாற்றச் சொல்ல வேண்டும் என்பது பிரியாணிக்கு அப்புறம் நடத்திய பாடம், அப்போது எனக்கே தெரியாது. தைரியமாகப் போடுங்கள், நான் பொறுப்பு என்றேன். அவர் இறங்கிவந்து டேங்க் மூடியைத் திறந்துவிட்டார்.

"எத்தனாலு கித்தனாலு எல்லாம் எனக்கு இன்னா தெரியும் சார்? உங்க மூஞ்சியப் பாத்துதான் போடறேன்."

பாட்டில் சோதனை

ஆடி மாசம். பொதட்டூர்பேட்டை லுங்கி வியாபாரி ஒருவர் காவடி விரதத்தில் மஞ்சள் வேட்டியும் மாலையுமாக வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில், அதில் கால்வாசி தண்ணீர், தண்ணீர் மட்டத்தில் பேனாவால் ஒரு கோடு. போனில் யாரோ செய்து காட்டிய சோதனையாம். பாட்டிலில் பெட்ரோல் தரக்கூடாது என்று பம்பில் நின்ற கஸ்தூரி சொல்லிவிட்டாள். அவள் சொன்னதுதான் சரி. ஆனால் எனக்குத்தான் சான்றிதழ் இருக்கிறதே. நானே பம்பைப் பிடித்து ஊற்றினேன். அவர் குலுக்கி வைத்தார். அடியில் இருந்த தண்ணீர் கோட்டைத் தாண்டி மேலே ஏறி நின்றது.

கூட்டம் கூடிவிட்டது. பெட்ரோலில் தண்ணீர் கலக்கிறான் என்று ஒருவர் வீடியோ எடுக்க ஆரம்பித்தார். எத்தனாலுக்குப் பெட்ரோலைவிடத் தண்ணீரோடுதான் ஒட்டுதல் அதிகம், அதனால் அது கீழே இறங்கித் தண்ணீரோடு சேர்ந்துகொண்டது, தண்ணீர் நீங்கள் கொண்டுவந்ததுதான் என்று மூன்று தடவை விளக்கினேன். ஒருவருக்கும் ஏறவில்லை. சுலபமாகச் சொல்லலாம் என்று, எத்தனாலும் சாராயமும் ஒரே வம்சம் என்று சொல்லித் தொலைத்தேன். உடனே எல்லாருக்கும் புரிந்துவிட்டது. வியாபாரி மட்டும் மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு தன் பைக்கையே பார்த்தபடி நின்றார்.

"ஒரு மாசமா நான் வாயில வெக்கல சார். இந்த வண்டி தெனம் குடிச்சிகினுதான் என்ன மலைக்கு இட்டுகினு போச்சா?"

கரும்புக்கு நேர்ந்த அவமானம்

எத்தனாலைக் கண்டு சந்தோஷப்பட்ட ஒரே வாடிக்கையாளர் கனகம்மாசத்திரம் பக்கத்து விவசாயி, கோபால் நாயுடு. ஏழு ஏக்கர் கரும்பு. கரும்பிலிருந்துதான் எத்தனால் எடுக்கிறார்கள் என்று நான் சொன்ன நாளிலிருந்து, காரை நிறுத்தியதும் பக்கத்தில் நிற்கிறவர்களிடமெல்லாம் இது தன் கொல்லையில் விளைந்தது என்று சொல்லுவார். அரிசியிலும் மக்காச்சோளத்திலும்கூட எடுக்கிறார்கள் என்றேன். அது வேற ஊருக்கு என்றார்.

இரண்டு மாசம் கழித்து, லிட்டருக்கு ஓடுகிற தூரம் குறைந்துவிட்டது, அளவில் ஏதோ கோளாறு என்று வந்தார். அளக்கிற கேனை எடுத்துவந்து ஐந்து லிட்டர் பிடித்துக் காட்டினேன். சொட்டுக்கூடக் குறையவில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். பெட்ரோல் அளவுக்கு எத்தனாலுக்குச் சத்து கிடையாது, அதனால்தான் மைலேஜ் குறைகிறது என்று பாடம் எடுத்தேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. காரில் ஏறிக் கதவைச் சாத்திவிட்டுக் கண்ணாடியை இறக்கினார்.

"இன்னா நைனா, என் கரும்புல சத்து இல்லன்னு என் சம்பந்திகூட இதுவரைக்கும் சொன்னதில்ல."

ஞாயிற்றுக்கிழமை

அதற்குள் ஊரில் எந்த வண்டிக்கு எது நடந்தாலும் எத்தனால்தான் காரணம் என்று ஆகிவிட்டது. பேட்டரி போனால் எத்தனால், ஹாரன் அடிக்காவிட்டால் எத்தனால். ஒரு டீச்சரம்மா ஸ்கூட்டர் டயர் தேய்ந்ததற்குக்கூட என்னிடம் விளக்கம் கேட்டார். நானும் சளைக்காமல் எத்தனாலுக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் மனைவி எஸ்தரும் சர்ச்சுக்குக் கிளம்பினோம். பைபாஸ் தாண்டியதும் என் ஸ்கூட்டர் இருமிவிட்டு நின்றுபோனது. இத்தனை நாள் ஊரெல்லாம் சொன்னது நிஜம்தானோ என்று முதல் தடவையாக நானே எத்தனாலைச் சந்தேகப்பட்டேன். பிளக்கைக் கழற்றித் துடைத்தேன், ட்யூபை முகர்ந்து பார்த்தேன், பட்டுப்புடவையோடு வெயிலில் நின்ற எஸ்தருக்கு ரப்பரின் குணங்களை எடுத்துச் சொன்னேன். அவள் டேங்க் மூடியைத் திறந்து வண்டியை ஒரு ஆட்டு ஆட்டினாள். உள்ளே சத்தமே இல்லை. தினம் ஊருக்கெல்லாம் போடுகிறவன், என் வண்டிக்குப் போட மறந்திருந்தேன்.

"தள்ளுங்க. எத்தனாலாவது இருந்திருந்தா சர்ச்சு வரைக்கும் போயிருக்கும்."

மழைக்கு மறுநாள்

இப்போது சொல்லப்போவதில் சிரிக்க அதிகம் இல்லை. ஐப்பசி மழை ராவெல்லாம் கொட்டியிருந்தது. பூமிக்கடியில் இருக்கிற டேங்க்கில் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று தினமும் காலையில் பார்ப்போம். அளவுகோலின் நுனியில் ஒரு பசையைத் தடவி உள்ளே விட்டால், அடியில் தண்ணீர் இருந்தால் பசை நிறம் மாறும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அதற்கென்றே வேறு பசை உண்டு. அது தீர்ந்துபோய் ஒரு வாரம். மேசை டிராயரில் பழைய பசை கிடந்தது. பசையில் என்ன பழசு புதுசு என்று அதையே தடவி விட்டேன். நிறம் மாறவில்லை. எல்லாம் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பழைய பசைக்கு வெறும் தண்ணீரைத்தான் தெரியும். எத்தனாலோடு சேர்ந்து அடியில் நிற்கிற தண்ணீரைக் கண்டுபிடிக்காது. அதுவும் பிரியாணிக்கு அப்புறம் சொன்ன பாடம்தான்.

முதலில் பெட்ரோல் போட்டது முனிரத்தினம். ஒரு குழந்தைக்குக் காதுகுத்து, குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனார். பத்து மணிக்குள் இரண்டு பைக், ஒரு ஆட்டோ, அப்புறம் மலைப்பாதையில் முனிரத்தினம் கார் என்று வரிசையாக நின்றுவிட்ட செய்தி வந்தது. பம்பை நிறுத்தச் சொல்லிவிட்டு ஒரு பாட்டிலில் பிடித்துப் பார்த்தேன். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் தனியாக நின்றது. வெளியே ஓடிப்போய்ப் பார்த்தால், பூமிக்கடி டேங்க்கின் மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. முந்தின சாயங்காலம் லாரி பெட்ரோலை இறக்கிவிட்டுப் போன பிறகு, தூறல் ஆரம்பித்த அவசரத்தில் அதை மூடியவன் நான்தான்.

முதலாளிக்குப் போன் செய்தேன். எத்தனால் என்று சொல்லிவிடு, ஊரே அதைத்தானே சொல்கிறது, தப்பு உன்னுடையது என்று எழுத்தில் வந்தால் உன்னை நான் வைத்துக்கொள்ள முடியாது என்றார். அவர் போட்ட கணக்கு தப்பில்லை, யாரும் மறுகேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். அந்த நிமிஷம் நானும் ஆசைப்பட்டேன் என்பதை மறைக்கப் போவதில்லை. பையன் காலேஜில் படிக்கிறான், எனக்கு இந்த வேலையை விட்டால் வேறு தெரியாது.

ஸ்கூட்டரில் மலைக்குப் போனேன். குடும்பம் ஒரு ஆட்டோ பிடித்து மேலே போய்விட்டிருந்தது. வருஷா வருஷம் முனிரத்தினத்தையே கூப்பிடுகிற குடும்பம். இனி கூப்பிட மாட்டார்கள். அவர் பானெட்டைத் திறந்துவைத்துவிட்டு ஓரக் கட்டையில் உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் யூசுப் பாய் எனக்கு முன்னாலேயே வந்து, எல்லாம் இந்த எத்தனால் பண்ணுகிற வேலை என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் இரண்டு பேர் முன்னாலும் சொன்னேன். மூடியைச் சரியாக மூடாதது நான், தப்பான பசையைப் போட்டுப் பார்த்தது நான், எத்தனால் ஒரு பாவமும் செய்யவில்லை, உங்கள் கார் டேங்க்கைக் கழுவுகிற செலவு எங்களுடையது, எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள் என்றேன். முனிரத்தினம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார்.

"சும்மா இருங்க சார். எத்தனாலு பண்ண தப்ப ஏன் உங்க தலைல போட்டுகினு நிக்கறீங்க? வண்டி ரெடியாவட்டும், உங்களாண்டதான் வந்து போடுவேன்."

புகார் புத்தகம் இன்று வரை வெள்ளையாக இருக்கிறது. ஒரு வருஷம் எத்தனால் நிரபராதி என்று சொல்லி ஒருவரையும் நம்ப வைக்க முடியாத நான், குற்றவாளி நான்தான் என்று சொல்லியும் நம்ப வைக்க முடியாமல், அதே பங்க்கில் மேனேஜராகக் காலம் தள்ளிக்கொண்டிருக்கிறேன்.