எந்தப் படத்துப் பாட்டு?

பாட்டுக் குழு நடத்துகிறவன் ஜனங்களுக்கு முதுகைக் காட்டி நிற்கிறவன். கைதட்டலும் முதுகில்தான் விழும், கல்லும் முதுகில்தான் விழும். உங்களில் யாராவது கோயில் திருவிழாவிலோ கல்யாண வீட்டிலோ அப்படி நின்றிருந்தால், நான் மேலே சொல்வதற்கு முன்பே முதுகைத் தடவிப் பார்த்துக்கொள்வீர்கள்.

தேவிகுளம் பக்கத்தில் ஒரு எஸ்டேட் ஃபேக்டரி. தேயிலை உருட்டும் மிஷினில் எனக்கு வேலை. படிப்பு நாலாம் வகுப்போடு சரி. மிஷின் சத்தம் ஒரு இழை மாறினாலும் எங்கே போல்ட் கழன்றிருக்கிறது என்று சொல்லிவிடுகிற காது மட்டும் உண்டு. அந்தக் காதை நம்பி எட்டுப் பேரைச் சேர்த்தேன். ஆர்மோனியமும் கையாட்டலும் நான்.

ஒழுகுகிற லயம்

பாலக்காட்டில் ஒரு கல்யாணக் கச்சேரி. முன்வரிசையில் கல்பாத்தி மிருதங்க வித்வான் ஒருவர் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, "ஞானம் நன்னாருக்கு. லயம் எப்படி?" என்று கேட்டார்.

எஸ்டேட்டில் லயம் என்றால் நாங்கள் குடியிருக்கிற வரிசை வீடு. பெரியவர் குடித்தனத்தை விசாரிக்கிறார் என்று நினைத்து, "ரெண்டு ரூம் சாமி. மழைக்கு ஒழுகும். ஒரு பக்கம் செவரு சாஞ்சிருக்கு, எழுதிக் குடுத்திருக்கோம்" என்றேன். எங்கள் தபேலாக்காரர் என் காதில் வந்து, அவர் கேட்டது தாளத்தை என்று சொன்னபோது எனக்கு வேர்த்துவிட்டது. வித்வான் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஒழுகற லயத்தை வெச்சுண்டா ஓய், இத்தனை பேரைத் தாளம் போட வெச்சீர்?"

கை கீழே

நாங்கள் வாசித்ததெல்லாம் சினிமாப் பாட்டு. எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. நானே மெட்டுப் போட்ட பாட்டு ஒன்றை ஜனங்கள் வாய்விட்டுப் பாட வேண்டும். 'பனியே பனியே வழி விடு, பச்சை தெரியட்டும் கண்ணுக்கு' என்று தொடங்கும் அந்தப் பாட்டு. பாடுகிறவள் பாக்கியம், பகலில் கொழுந்து எடுப்பாள், மேடையில் எங்கள் பாடகி. 'கண்ணுக்கு' என்ற இடம் வந்தால் அவள் குரல் தானாக மேலே ஏறும். என் மெட்டில் அந்த இடம் இறங்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் மிஷின் அப்படித்தான் இறங்கி நிற்கும், அதைக் கேட்டுப் போட்ட மெட்டு. நான் கையைக் கீழே காட்டுவேன். அவள் முறைத்துக்கொண்டே இறங்குவாள்.

மாரியம்மன் கோயில் திருவிழாவில் இரண்டு படப் பாட்டுக்கு நடுவே அதைச் செருகிவிட்டேன். கூட்டம் அமைதியாகக் கேட்டது. எனக்குக் கால் தரையில் இல்லை. ஒருவர் மேடையோரம் வந்து, "எந்தப் படத்துப் பாட்டு?" என்றார். "படமில்லை, என் சொந்தப் பாட்டு" என்றேன் நெஞ்சை நிமிர்த்தி. அவர் முகம் விழுந்துவிட்டது. "சொந்தப் பாட்டை வீட்டுல பாடிக்கிடுங்க அண்ணாச்சி, இங்க நல்ல பாட்டாப் போடுங்க."

வராத படம்

அதற்கப்புறம் கொழிஞ்சாம்பாறையில் ஒரு கவுண்டர் வீட்டுக் கல்யாணம். அந்தப் பாட்டு முடிந்ததும் பெண்ணைப் பெற்றவர் ஆசையாக வந்து அதே கேள்வியைக் கேட்டார். சூடு கண்ட பூனையாச்சே நான். "இனிமேல் வரப்போகிற படம்" என்று சொல்லிவிட்டேன்.

மாசம் தவறாமல் அவரிடமிருந்து போன் வரும். "ஏனுங்க, படம் வந்துருச்சுங்களா? ஊட்டுல எல்லாத்தையும் கூட்டிட்டுப் போகோணுமுங்க." நாலாவது போனில் என்னால் தாங்க முடியவில்லை. படமும் இல்லை, ஒன்றும் இல்லை, மெட்டு என்னுடையது என்று ஒத்துக்கொண்டேன். திட்டப் போகிறார் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளியே பிடித்திருந்தேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "அட, நல்லதாப் போச்சுங்க. படம் மோசமாப் போயிருந்தா பாட்டும் கூடச் செத்திருக்குமுங்க."

காட்டில் கை ஏது

வேலையில் ஓய்வு வந்தால் எஸ்டேட்டில் வீட்டையும் விட வேண்டும். பாக்கியத்துக்கு அந்த நாள் வந்தது. சங்கரன்கோவில் பக்கம் மகன் வீட்டுக்குக் கிளம்பினாள். பாத்திரம், கட்டில், தண்ணீர்க் குடம் எல்லாம் ஜீப்பில் ஏறியாகிவிட்டது. வேறு யாரைப் பாட வைத்தாலும் அந்தப் பாட்டு ஒட்டவில்லை; முயற்சி பண்ணிப் பார்த்துவிட்டேன்.

"நம்ம பாட்டு உன்னோட போச்சு பாக்கியம்" என்றேன். அவள் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு, என் கையைப் பார்த்துச் சிரித்தாள். "அது எங்கயும் போவாதுண்ணே. மேடையில உங்க கைக்கு அடங்கிப் பாடுனேன், கொழுந்துக் காட்டுல உங்க கை ஏது?" போகிற நேரத்தில் கேலி பண்ணுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

ஜீப்பில்

போன மாசம் ஒரு சர்டிபிகேட்டுக்காக தேவிகுளம் தாலுக்கா ஆபீசுக்குப் போனேன். காலை ஜீப்பில் என்னோடு பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கப் போகிற பெண்கள் ஐந்து பேர். வளைவில் பனி ஜீப்பை மூடியது. டிரைவர் வேகத்தைக் குறைத்தார். அப்போது ஒருத்தி ஆரம்பித்தாள்: 'பனியே பனியே வழி விடு.' மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவர்கள் யாருக்கும் என்னைத் தெரியாது. நானும் மெதுவாகச் சேர்ந்துகொண்டேன். 'கண்ணுக்கு' வந்ததும், பழக்கம், என் கை கீழே போனது, குரலும் இறங்கியது. அவர்கள் ஐந்து பேரும் மேலே ஏறிவிட்டார்கள். ஜீப்புக்குள் நான் மட்டும் கீழே நின்றேன்.

பாட்டு நின்றது. ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒன்றும் தெரியாதவன் மாதிரி, "எந்தப் படத்துப் பாட்டு தாயி இது?" என்று கேட்டேன். முதலில் பாடியவள் கூடையை நகர்த்தி எனக்குக் கால் நீட்ட இடம் விட்டாள். "படமெல்லாம் இல்ல தாத்தா, எங்க காட்டுப் பாட்டு. கூடப் பாடணும்னா சரியாப் பாடுங்க, அந்த எடத்துல எறங்கக் கூடாது, ஏறணும்."

எட்டுப் பேருக்குக் கை காட்டி ஆயுசைக் கழித்த நான், இப்போதெல்லாம் அந்த இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு ஏறித்தான் பாடுகிறேன்.