மஞ்சள் தீர்த்தமும் பச்சையாய் ஒளிர்ந்த சதைத் துணுக்கும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாக யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன். எழுதினால் கோவிலுக்குப் போகிறவர்கள் ஒரு விதமாகவும் போகாதவர்கள் வேறு விதமாகவும் எடுத்துக்கொள்வார்கள் என்பது ஒரு பயம். எனக்கே முழுதாக விளங்காததை மற்றவர்களுக்கு எப்படிச் சொல்வது என்பது அதைவிடப் பெரிய பயம். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மலையாளப் பக்கத்துச் சித்தூருக்குக் கிழக்கே கொஞ்சம் தென்னையும் நிலக்கடலையும் வைத்துக்கொண்டு, மாரியம்மன்மேல் பாரத்தைப் போட்டு நாளை ஓட்டுகிறவன். இருந்தாலும் என் மனைவிக்கு வந்த வாய்நோவைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை ஓடுவதால், நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

முதலில் அவளுக்கு ஈறு சிவந்தது. பிறகு உள்கன்னத்தில் தோல் உரிய ஆரம்பித்தது. காரம் ஆகாமல் போயிற்று, அப்புறம் சூடு ஆகவில்லை, கடைசியில் உப்புகூட எரிந்தது. மோரில் கரைத்த சோற்றை அண்ணாந்து ஊற்றிக்கொள்வாள். பற்பசையை மாற்றிப் பார்த்தோம், சத்து மாத்திரை வாங்கினோம். ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் கண்ணாடி முன்னால் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

“ஏனுங்க, இது அந்த நோயா இருக்குமுங்களா?”

“அதெல்லாம் இல்ல புள்ள, சும்மா இரு” என்றேன். எனக்கு என்ன தெரியும்? சொல்லிவைத்தேன், அவ்வளவுதான்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை இருவரும் கோவிலுக்குப் போனோம். வாய் ஆறும்வரை அம்மனுக்கு அபிஷேகம் செய்த மஞ்சள் தீர்த்தத்தைத் தினமும் காலையில் வாயில் வைத்திருப்பதாக அவள் நேர்ந்துகொண்டாள். எங்கள் பக்கத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. உடம்பில் எந்த உறுப்புக்கு நோவோ, அதன் உருவத்தைத் தகட்டில் வாங்கி அம்மன் காலடியில் போடுவார்கள். கோவில் வாசல் கடையில் கை இருந்தது, கால் இருந்தது, கண் இருந்தது. வாய் இல்லை.

“வாயெல்லாம் ஆருங்க கேக்கறாங்க? அது எல்லாத்துக்கும் நல்லாத்தான வேலை செய்யுது!” என்று சிரித்தாள் கடைக்கார அம்மா. “கண்ணு வாங்கிப் போடுங்க. ஆத்தா புரிஞ்சுக்குவா.”

“வாய்க்குக் கண்ணுங்களா? ஆத்தா கொழம்பிக்க மாட்டாளா?” என்றாள் என் மனைவி.

எனக்கும் சரியாகப் படவில்லை. ஆனாலும் வெறுங்கையோடு உள்ளே போக மனம் வராமல் இரண்டு கண்களையும் வாங்கிப் போட்டோம்.

அதற்குப் பிறகுதான் பல் ஆஸ்பத்திரி. அங்கே இருந்த டாக்டரம்மா ஏலப்பாறை தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். தமிழில் பேசியதே எங்களுக்குப் பாதி மருந்து. வாயைப் பார்த்துவிட்டு, “பாக்க அந்த நோயி மாதிரி தெரியலம்மா. ஆனா சதை எடுத்துப் பாக்காம நான் எதையும் சொல்ல மாட்டேன்” என்றார். புண் ஓரத்தில் ஒரு துணுக்கும், அதற்குப் பக்கத்தில் நன்றாக இருக்கும் இடத்தில் இன்னொரு துணுக்கும் எடுக்க வேண்டுமாம்.

எனக்குப் பொறுக்கவில்லை. “நோவு இங்கிருக்குதுங்க. நல்ல எடத்துல எதுக்குங்க கத்தி?”

“புண்ணுல தோலே உதிர்ந்து போச்சே ஐயா. அதுல என்னத்தப் பாக்க? இன்னும் உரியாத எடத்துலதான் அடையாளம் மிச்சமிருக்கும்.”

அடையாளம் என்று அவர் எதைச் சொன்னார் என்பதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். உடம்பைக் காவல் காக்க வேண்டிய ஒரு சத்து, சிலருக்கு வழிதவறி சொந்தத் தோலையே போய்ப் பிடித்துக்கொள்ளுமாம். அந்தச் சத்தில் மட்டும் ஒட்டுகிற சாயம் ஒன்று இருக்கிறதாம். துணுக்கின்மேல் அதை விட்டு ஒரு தனி விளக்கில் பார்த்தால் பச்சையாக ஒளிருமாம். வலைபோல ஒளிர்ந்தால் ஒரு நோய், கோடுபோல ஒளிர்ந்தால் வேறொரு நோய். வெறும் கண்ணுக்கு எல்லாம் ஒரே புண். ஒன்றுக்குக் களிம்பு போதும், இன்னொன்றுக்கு நாள்பட்ட கடுமையான மாத்திரை. என் மனைவிக்குச் சர்க்கரை வேறு இருப்பதால், எது என்று தெரியாமல் அந்த மாத்திரையைக் கொடுக்க அவர் தயாராக இல்லை.

இரண்டு துணுக்கும் எடுத்தார்கள். பிறகு ஒருநாள் முடிவு கேட்கப் போனோம். புற்று இல்லை என்றார். என் மனைவி அங்கேயே அழுதுவிட்டாள். பிறகு கம்ப்யூட்டரில் ஒரு படத்தைக் காட்டினார். விடிகாலை நாற்றங்கால்போல எங்கு பார்த்தாலும் பச்சை. ஆத்தா அவள் வாய்க்குள் வந்து உட்கார்ந்துவிட்டாள் என்றே நினைத்துக் கைகூப்பினேன்.

“கும்பிடாதீங்க ஐயா, இதுல எனக்கு ஒண்ணுமே தெரியல!” என்றார் டாக்டரம்மா. “எல்லா எடமும் ஒளிருது. கோடா வலையான்னு பிரிக்க முடியல. வாயில என்னம்மா போட்டீங்க?”

“ஒண்ணும் போடலீங்க.”

“களிம்பு, நாட்டு மருந்து?”

“இல்லீங்க.”

“மஞ்சள்?”

“மஞ்சளெல்லாம் இல்லீங்க. ஆத்தா தீர்த்தம் மட்டுந்தானுங்க.”

அவள் பொய் சொல்லவில்லை. தீர்த்தத்தை மருந்து என்றோ மஞ்சள் என்றோ எங்கள் வீட்டில் யாரும் நினைத்ததே கிடையாது. டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். “மஞ்சளும் அந்த விளக்குல ஒளிரும்மா. அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன், ஆனா இருக்கலாம். கொஞ்ச நாளைக்கு அத நிறுத்திக்கிடுங்க. மறுபடி எடுத்துப் பாப்போம்.”

பஸ் ஏறியதும் என் மனைவி முடியாது என்று தலையாட்டிவிட்டாள். “ஆத்தாகிட்டக் குடுத்த வாக்குங்க. நான் நிறுத்தமாட்டன். கத்திக்கு வேணும்னா மறுபடியும் வாயத் தொறக்கறேன்.”

நிறுத்தாமல் கத்தி வைத்து என்ன பயன்? நிறுத்தினால் நேர்ச்சை என்னாவது? ஆத்தாவே மறைக்கிறாள் என்றால், பார்க்க வேண்டாம் என்கிறாளா? இல்லை, இது வெறும் மஞ்சள் வேலைதானா? எந்தப் பக்கம் யோசித்தாலும் முட்டியது. கடைசியில் கோவிலில் பூசை செய்யும் பண்டாரத்திடம் போய் நின்றோம்.

“ஊட்டுல ஒருத்தர் நேந்துக்கிட்டத இன்னொருத்தர் செலுத்தறதில்லீங்களா? நீங்க வாயில வெச்சுக்குங்க” என்றார் அவர் என்னிடம்.

“அவுங்க வாயில புண்ணே இல்லீங்களே?” என்றாள் இவள்.

“இல்லாட்டிப் போகுது. அந்நேரமாச்சும் பேசாம இருப்பாரல்லோ?”

அவ்வளவு நோவிலும் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அப்படித்தான் தீர்த்தம் என் வாய்க்கு வந்தது. பல்லெல்லாம் மஞ்சளாகி, டீக்கடையில் கேலிக்கு ஆளானேன். அவள் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்தாள். டாக்டரம்மா சொன்ன நாளில் மறுபடி துணுக்கு எடுத்தார்கள்.

இந்த முறை படம் இருட்டாக இருந்தது. இருட்டின் நடுவே, மேல்தோல் அடிச்சதையோடு சேருகிற இடத்தில், வரப்புபோல மெல்லியதாக ஒரே ஒரு பச்சைக் கோடு. அந்த நோயின் பெயரை அவர் பலமுறை சொல்லியும் என் நாக்கில் நிற்கவில்லை. அடுத்துச் சொன்னதுதான் நின்றது. “இந்தக் கோடு இருந்தா நோவு வாயோட நிக்கும்னு சொல்ல முடியாதும்மா. உடனே கண்ணக் காட்டணும்.”

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

கண் டாக்டர் அவள் கீழிமையை மடக்கிப் பார்த்தார். இமையும் கண்ணும் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கியிருந்தன. கண்ணில் நீர் வடிவதை அடுப்புப் புகை என்று அவள் விட்டிருந்தாள். இன்னும் தாமதித்திருந்தால் பார்வையைப் பிடித்து நிறுத்துவது கஷ்டம் என்றார். கடுமையான மாத்திரையே ஆரம்பித்தார்கள். சர்க்கரை ஏறியது, அதற்கும் வைத்தியம் பார்த்தார்கள். இன்றைக்கு அவள் ரசஞ்சோறு சாப்பிடுகிறாள், ஊசியில் தானே நூல் கோக்கிறாள். சோதனைக்கு இன்னமும் போய்வருகிறோம்.

கண் தகடு போட்ட கதையை டாக்டரம்மாவிடம் ஒருநாள் சொன்னேன். “எனக்கு அந்தக் கோடு மட்டுந்தான் ஐயா தெரியும்” என்றார். என் மனைவியோ, “ஆத்தா ஒண்ணும் கொழம்பிக்கலீங்க, நாமதான்” என்கிறாள். ஆனால் அந்த ஆத்தாவின் தீர்த்தம்தானே முதல் தடவை கோட்டை மறைத்தது? கண்ணைக் கேட்டு வாங்கியவளே கண் வைத்தியத்தைத் தாமதமும் செய்வாளா? கும்பிடும்போதெல்லாம் இதைக் கேட்கிறேன். பதில் வந்ததில்லை. கும்பிடுவதையும் நான் விடவில்லை.

வாய் நாள்பட உரிந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். வாயில் வைத்தது தீர்த்தமே ஆனாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். எங்கள் ஊரில் சிலர் டாக்டரம்மாவை விட்டுவிட்டு, ஆத்தா பச்சையாய்க் காட்சி கொடுத்தாள் என்கிறார்கள். சிலர் கண் தகட்டை விட்டுவிட்டு, மஞ்சளால் வந்த வினை என்று சிரிக்கிறார்கள். இதைப் படிக்கிறவர்கள் இன்னொருவருக்குச் சொன்னால் இரண்டையும் சொல்லுங்கள். ஒன்றைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். கடைசியில், சொன்னவனுக்கே புரியவில்லை என்பதையும் அப்படியே சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.