என் நாக்கு சான்று கொடுத்த மண்

ஐம்பது வயதைத் தாண்டியபிறகு மண் தின்றவன் நான். ஒளித்தும் தின்னவில்லை. மொட்டைமாடியில், பட்டப்பகலில், துணி காயப்போட வந்த மனைவியின் கண்ணெதிரே தின்றேன். அவளோ, இத்தனை வருட இல்லறத்தில் இதையும் எதிர்பார்த்தே இருந்தவள் போல, பாவாடைக்குக் கிளிப் மாட்டிவிட்டு இறங்கிப் போனாள்.

எல்லாம் ஒரு கள்ளிச் செடியால் வந்தது. மகள் கோயம்புத்தூரில் படித்தபோது விடுதி ஜன்னலில் வைத்து வளர்த்தது. ஆரஞ்சுப் பழம் அளவில் உருண்டையாக இருக்கும். அடியில் இரண்டு குட்டிகள். பெங்களூரில் வேலை கிடைத்துப் போனவள், அதை ராமநாதபுரத்தில் எங்களிடம் விட்டுப் போனாள்.

“தொட்டி பத்தலய்யா, பெருசா மாத்தணும். மண்ணு நான் ஆன்லைன்ல போட்டு விடுறேன். தீவாளிக்கு வாரேன், அதுவரைக்கும் பத்திரமாப் பாத்துக்கங்க.”

ராமநாதபுரத்துக்கு, கள்ளிக்காக, ஆன்லைனில் மண்! இந்தச் சீமையில் யாராவது கள்ளிக்குத் தண்ணீர் ஊற்றி நான் பார்த்ததே இல்லை. வெட்டி எறிந்தால் எறிந்த இடத்தில் வளரும். “காசைக் கரியாக்காதே, நானே கலக்குகிறேன்” என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் எப்படிக் கலப்பது என்று வீடியோ பார்த்தேன். ஊற்றிய தண்ணீர் நிற்காமல் ஓட வேண்டுமாம். நிறைய மணல், கொஞ்சம் கரித்தூள், கொஞ்சம் எரு. கரிக்குப் பஞ்சமில்லை, கருவேலங்கரி எங்கள் ஊர் விளைச்சல். ஆட்டுப் புழுக்கை அபிராமத்து மைத்துனர் வீட்டிலிருந்து என்னோடு பஸ்ஸில் வந்தது. என் பக்கத்து இருக்கைக்காரர் ராமநாதபுரம் வரை நின்றுகொண்டே வந்தார். மணல்தான் சிக்கல். ஆற்று மணல் வேண்டும் என்று யாரிடமாவது கேட்டால், கஞ்சா விசாரித்தவனைப் போலப் பார்க்கிறார்கள். ஆகவே ஆடி அமாவாசைக்கு மாரியூர் கடலில் முழுக்குப் போடப் போன இடத்தில், எல்லோரும் புண்ணியத்தைச் சேர்த்துக்கொண்டிருக்க, நான் ஒரு பை மணலைச் சேர்த்துக்கொண்டேன்.

கடல் மணலில் உப்பு இருக்கும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். கழுவிவிட்டால் போயிற்று. சமையலுக்கு வாங்கி வைத்திருந்த நல்ல தண்ணீர்க் குடத்தைத் தூக்கினேன்.

“கை வச்சீகன்னா பாத்துக்கங்க” என்றாள் மனைவி. “சோறு பொங்குற தண்ணில மண்ணக் குளுப்பாட்டப் போறீகளோ? போர்த் தண்ணி எதுக்கு இருக்கு?”

நியாயமாகப் பட்டது. போர்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அலசினேன். முதல் அலசலுக்குப் பிறகு ஒரு சிட்டிகை வாயில் போட்டேன், கரித்தது. மறுபடி அலசி, மறுபடி ருசித்து, இப்படியே வெயில் சாயும்வரை. கடைசியில் மண்ணில் ஒரு ருசியும் இல்லை. வீட்டில் தினமும் வாய் கொப்பளிக்கிற தண்ணீர் போலவே இருந்தது. அந்த ஒற்றுமையைக் கொஞ்சம் யோசித்திருக்கலாம். வெற்றி மயக்கத்தில் யோசிக்கவில்லை.

கள்ளியை நட்டு, தினமும் மகளுக்குப் படம் அனுப்பினேன். கொஞ்ச நாளில் அடிப்பக்கம் மஞ்சளானது. நல்ல பக்கத்தைத் திருப்பிவைத்துப் படம் எடுத்தேன். பிறகு நல்ல பக்கமே இல்லாமல் போனது. என் போனில் கேமரா பழுதானது.

தீபாவளிக்கு வந்தவள் காப்பி கூடக் குடிக்காமல் மாடிக்கு ஏறினாள். செடியை மெதுவாக அழுத்தினாள். விரல் உள்ளே போனது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டாள். பிறகு குனிந்து, மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கு நுனியில் வைத்து, உடனே துப்பினாள். மண் தின்பது குடும்ப வழக்கமாகிவிட்டது.

“என்னய்யா இது, உப்புக் கொட்டுது!”

“இருக்காதே” என்று நானும் ஒரு சிட்டிகை போட்டேன். “ஒண்ணும் தெரியலயேம்மா.”

தீர்ப்புச் சொல்ல மனைவியைக் கூப்பிட்டோம். அவளும் வாயில் போட்டுச் சப்பிப் பார்த்தாள். “நல்லாத்தான இருக்கு?”

மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கோயம்புத்தூர்த் தண்ணீரில் அவள் நாக்கு திருந்திவிட்டது. எங்களுடையது காலமெல்லாம் போர்த் தண்ணீரில் ஊறிய நாக்கு. உப்பை உப்பால் கழுவி, உப்பு நாக்கால் சோதித்திருக்கிறேன்.

தாய்ச்செடி போய்விட்டது. குட்டிகள் இரண்டும் பிழைத்திருந்தன. அவற்றைத் தனியே பிரித்து, காகிதத்தில் சுற்றி, சாப்பாட்டு டப்பாவில் வைத்தாள். “ஒண்ண இங்கன விட்டுட்டுப் போயேன்” என்றேன். “வேணாம்யா” என்றாள், ரொம்ப மரியாதையாக. அந்த மரியாதைதான் தாங்கவில்லை.

கார்த்திகையில் பெங்களூரிலிருந்து ஒரு படம் வந்தது. இரண்டு குட்டிகளும் வேர் பிடித்து நின்றன. உடனே போன் போட்டேன்.

“இங்க நல்ல மழைம்மா. அண்டா நிறையப் பிடிச்சு வச்சிருக்கேன். இந்தத் தடவை மழைத் தண்ணில அலசி, ஒரு மூட்டை மண்ணு கலந்து பார்சல் போடவா?”

தீபாவளிக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் என்னிடம் சிரித்தாள்.

“மண்ணு வேணாம்யா. கருவாடு போட்டு அனுப்புங்க. அதுக்குத்தான் உங்க கைப்பக்குவம் சரியா இருக்கும்.”