கந்தசஷ்டியில் ஒரு வைன் சுற்றுலா

ஆட்களைச் சுற்றுலா கூட்டிக்கொண்டு போகிற தொழிலில் பாஸ்போர்ட்டை வீட்டில் விட்டுவிட்டு வருகிறவரைக்கூடச் சமாளிக்கலாம். வயிற்றை வீட்டில் விட்டுவிட்டு வருகிறவரைச் சமாளிக்கவே முடியாது. எங்கள் சனத்தை ஒரு பஸ்ஸில் ஏற்றி இறக்கிப் பார்த்த எவருக்கும் நான் சொல்லப்போவது விளங்கும்.

லண்டன் கிங்ஸ்பரியில் எனக்கு ஒரு சின்ன ட்ராவல் ஆபீஸ் இருக்கிறது. நான் மன்னார்க் கத்தோலிக்கன். பதினைந்து வருஷமாகப் பிரான்சின் லூர்து மாதா கோவிலுக்குத்தான் பஸ் விட்டேன். வேறொன்றும் தெரியாதவன் என்று மச்சான்மார் நக்கலடிக்கத் தொடங்கியதும், ரோசம் வந்து, இத்தாலியின் பியமோந்தே பகுதிக்கு ஐந்து நாள் பயணம் ஒன்றைத் தொடங்கினேன். மலைச்சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம், பக்கத்தில் ஏரி, எல்லாவற்றுக்கும் மேலாகச் சாப்பாடு.

பியேரா அம்மாவின் எச்சரிக்கை

அந்தப் பயணத்தின் உயிர் பியேரா அம்மாவின் மேசை. பரோலோ ஊருக்குப் பக்கத்தில் தோட்டம் வைத்திருக்கிறவர், எழுபது தாண்டியவர். இருபத்திரண்டு பேரை ஒரே மேசையில் இருத்தித் தன் கையால் சமைத்துப் போட அந்த வட்டாரத்தில் வேறு ஆள் கிடையாது. அவர் இல்லையென்றால் என் பயணமும் இல்லை; திரும்ப லூர்துதான்.

போன வருஷம் முதல் குழுவைக் கொண்டுபோனேன். அவர் காலையிலிருந்து நின்று செய்த பாஸ்தாவுக்கு ஒருவர் பையிலிருந்து மிளகாய்த்தூள் எடுத்துத் தூவினார். அதையாவது மன்னித்திருப்பார். மேசைக்குக் கீழே நாலைந்து பெட்டிகள் திறந்து, இடியப்பமும் சம்பலும் கைமாறியதை அவர் கண்டுவிட்டார். கோப்பைகளில் பாதிச் சாப்பாடு அப்படியே கிடந்தது. வழியனுப்பும்போது என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்: “இனியொரு தரம் என் மேசையில் யாராவது பெட்டியைத் திறந்தால், நீ இங்கே வர வேண்டாம்.”

கையில் வாழைப்பழம்

இந்த வருஷம் கவனமாக இருந்தேன். ஒருவரும் சாப்பாட்டுப் பெட்டி கொண்டுவரக்கூடாது என்று இரண்டு தரம் மெசேஜ் போட்டேன். பள்ளிக்கூட விடுமுறையைப் பார்த்தேன், எங்கள் பங்குக் கோவில் கலண்டரில் திருநாள் ஏதும் இடிக்கிறதா என்று பார்த்தேன், ஒக்டோபர் கடைசியில் நாள் குறித்தேன். சைவக் கலண்டரைப் பார்க்க வேண்டும் என்று இந்த மண்டைக்குத் தோன்றவில்லை.

விமான நிலையத்தில் பதினாறு பேர் கையில் வாழைப்பழத்தோடு நின்றார்கள். முன்னுக்கு நின்றவர் லூயிஷாம் பரமேஸ்வரி அக்கா. ஆஸ்பத்திரி லாபில் வேலை. அவர் இரு என்றால் மற்றப் பெண்கள் இருப்பார்கள். கந்தசஷ்டி விரதமாம், இன்றைக்கு மூன்றாம் நாளாம், ஆறாம் நாள் சூரன்போர் முடியும்வரை பாலும் பழமும்தானாம். பியேரா அம்மாவின் சாப்பாடு அந்த ஆறாம் நாள் மத்தியானம். “அக்கா, இது சாப்பாட்டுச் சுற்றுலா. புக் பண்ணேக்க ஒரு சொல் சொல்லியிருக்கலாமே?” என்றேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். “நீங்கள் கேக்கேல்லையே தம்பி. அதோட, ஏரி பாக்கிறதுக்கு விரதம் என்ன தடையே?”

விழுங்கிய குற்றம்

அக்காவின் கணவர் சிவராசா அண்ணைக்கு விரதம் இல்லை. ஆனால் மனைவி விரதம் என்றால் அவருக்கும் மச்சம் மாமிசம் கிடையாது, குடி கிடையாது. நிலவறையில் வைன் ருசி பார்க்கிற இடத்தில், இது குடிப்பதல்ல, வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்புவது என்று நான் விளங்கப்படுத்தியதும், அண்ணையின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. வெளியே திராட்சைக் கொடிகளைப் படமெடுத்துக்கொண்டிருந்த மனைவியிடம் போய், துப்புவதற்கு அனுமதி வாங்கி வந்தார்.

முதல் மிடறு வாயில் இருக்கும்போதே அக்கா கதவடியில் வந்து நின்று, “பிரஷர் குளிசை போட்டாச்சே?” என்று கேட்டார். அண்ணை கன்னம் இரண்டும் உப்பியபடி விழித்தார். துப்புகிற வாளி மூன்றடி தூரத்தில்தான் இருந்தது. தொண்டைக்குழி ஒருதரம் ஏறி இறங்கியது. பிறகு கோர்ட்டில் நிற்கிறவர் மாதிரிச் சொன்னார்: “துப்பத்தான் இருந்தனான் பரமேஸ். நீ கேள்வி கேட்டாய், பதில் சொல்ல வேணுமெண்டு விழுங்கிப்போட்டன்.”

நாய் தோண்டிய கிழங்கு

அந்தப் பருவத்தில் அங்கே எல்லாரும் தேடி வருவது ட்ரஃபிள். மண்ணுக்கடியில் விளைகிற காளான், நாய்தான் மோப்பம் பிடித்துத் தோண்டும். எங்களைக் காட்டுக்குள் கூட்டிப்போனவர் உருளைக்கிழங்குப் பிஞ்சு மாதிரி ஒன்றை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். விரதக்காரர் சாப்பிடாவிட்டாலும் மணக்கட்டும் என்று வரிசையில் விட்டேன். பரமேஸ்வரி அக்கா கண்ணை மூடி ஆழமாக இழுத்தார். “எங்கட பெருங்காயப் பேணியைத் திறந்தாலும் இதே மணம்தான். அதுக்கு நாய் தேவையில்லை.”

எட்டு மணிச் சமையல்

ஐந்தாம் நாள் விரதத்தன்று தனியாகப் பியேரா அம்மாவிடம் போனேன். லண்டனுக்கு வருமுன் இத்தாலியில் கோப்பை கழுவிய காலத்துப் பாஷை கொஞ்சம் மிச்சம் இருந்தது. பொய் ஒன்றைத் தயாரித்துக்கொண்டுதான் போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும் மறந்துபோயிற்று. உள்ளதைச் சொன்னேன். நாளைக்கு மத்தியானம் பதினாறு பேர் சாப்பிட மாட்டார்கள். நாளை மறுநாள் விடியத்தான் விரதம் முடிப்பார்கள், அன்றைக்குத்தான் எங்கள் விமானமும். இறைச்சி ஆகாது, முட்டை ஆகாது, நீங்கள் சோற்றில் ஊற்றுகிற வைன்கூட ஆகாது. ஆறு நாளுக்குப் பிறகு அவர்கள் வாயில் வைக்கிற முதல் சாப்பாடு உங்களுடையதாக இருக்கட்டும் என்றேன்.

அவர் ஏப்ரனில் கையைத் துடைத்தபடி சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். எனக்கு லூர்து பஸ்ஸின் சீட்டெல்லாம் கண்ணுக்குள் வந்துபோயிற்று. பிறகு பியேரா அம்மா சொன்னார்: “கலியாணம் முடித்த நாளிலிருந்து காலை எட்டு மணிக்கு நான் கோப்பியைத் தவிர வேறொன்றும் அடுப்பில் வைத்ததில்லை. எத்தனை பேர்?”

மேசையில் ஒரு பெட்டி

சூரன்போர் அன்று ஓர்த்தா ஏரிக்குப் போனோம். ஏரி நடுவில் ஒரு தீவு, தீவில் பழைய தேவாலயம். அங்கிருந்த பாம்புகளையும் பறக்கும் நாகங்களையும் ஒரு புனிதர் விரட்டினார் என்பது கதை. அதைச் சொன்னதும், இவரும் எங்கட முருகன் மாதிரித்தான் என்று பதினாறு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். அன்றைய சூரன்போர் அதோடு முடிந்தது.

மறுநாள் விடிய, பனிமூட்டத்துக்குள் பியேரா அம்மா வீட்டு மேசையில் சோளமாக் களி, சுட்ட பூசணி, கடலை, புதுப் பாண் எல்லாம் ஆவி பறந்தன. எல்லாரும் இருந்தார்கள். அப்போது பரமேஸ்வரி அக்கா கைப்பையைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். பியேரா அம்மா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார். என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

பெட்டிக்குள் திருநீறு. அக்கா எல்லாருக்கும் பூசிக்கொண்டு வந்து, கடைசியில் பியேரா அம்மாவின் முன் நின்றார். அந்த மனுஷி ஒரு கேள்வியும் கேட்காமல் குனிந்து நெற்றியைக் காட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்ல என்ன வெட்கம். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டார்: “எங்களுக்குச் சாம்பல் பூசினால் தவக்கால நோன்பு தொடங்கும். உங்களுக்கு அதைப் பூசிவிட்டா சாப்பிடத் தொடங்குவீர்கள்?”

சாப்பிட்டு முடிந்தபோது இருபத்திரண்டு கோப்பையும் கழுவி வைத்தது போல இருந்தன. பஸ்ஸில் ஏறும்போது பரமேஸ்வரி அக்கா என் தோளில் தட்டினார். “அடுத்த வருஷமும் சஷ்டியிலயே போடுங்கோ தம்பி. விரதம் முடிக்கிற பாறணைக்கு இதைவிட நல்ல இடம் இல்லை.”

இப்போது என் ஆபீஸில் பங்குக் கலண்டருக்குப் பக்கத்தில் சைவக் கலண்டரும் தொங்குகிறது. சாப்பிடாமலும் குடிக்காமலும் போகிற என் சாப்பாட்டு வைன் சுற்றுலாவில், லூர்து பஸ்ஸுக்கு முன்னமே இடம் முடிந்துவிடுகிறது.