கழற்ற முடியாத கையுறை

நார்வேக்கு வந்த புதிதில் எனக்கு ஒன்று பிடிபடவேயில்லை. வெளியே பனி கொட்டக் கொட்ட மனிதர்கள் நடக்கிறார்கள். எங்கள் ஆய்வுகூடத்துச் செல்களுக்கோ உடம்புச் சூட்டில் ஒரு பெட்டி. அதன் கதவைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்து வைத்தால், என் மேலதிகாரி இங்க்ரிட் "அதுகளுக்குக் குளிரும்" என்று பதறுவாள். அடேயப்பா! இலங்கையில், தெமோதரைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் என் செல்வி அக்காவுக்காக யாராவது இப்படிப் பதறியிருந்தால்!

அவை ஷ்வான் செல்கள். கை கால்களுக்கு ஓடும் நரம்பைச் சுற்றிக்கொண்டு அதற்குத் துணையிருப்பவை. வெறும் போர்வை என்றுதான் முன்பு நினைத்தார்களாம். அப்படியில்லை. நரம்பு விடும் அசிட்டைல்கோலின் போன்ற ரசாயனச் சேதிகளை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் அவற்றின் மேலும் இருக்கின்றன. அந்த ஏற்பிகளைத் தூண்டினால் கெட்டுப்போன நரம்பு தேறுமா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. நுண்ணோக்கியில் அவை நீளநீளமாகப் பக்கம் பக்கமாகப் படுத்திருக்கும். பார்த்துக்கொண்டேயிருந்தால் தேயிலை நிரைகளாகிவிடும். மூடுபனிக்குள் அக்கா எங்கோ நிற்பதுபோலிருக்கும்.

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டில் எல்லோருமே "கை வெறைச்சுப்போச்சு" என்பார்கள். அக்காவும் சொன்னாள். பனிக்குத்தான் என்று விட்டுவிட்டோம். வெயில் ஏறியதும் மற்றவர்களுக்கு விரல் தெளிந்தது, அவளுக்குத் தெளியவில்லை. ஒருநாள் கல்லில் ரொட்டி திருப்பியவள், தோல் கருகும் வாடை வந்த பிறகே கையைப் பார்த்திருக்கிறாள். சீனி வியாதி நரம்பைத் தின்றுவிட்டது என்றார் பதுளை டாக்டர்.

"கிளவுஸ் மாட்டுன மாதிரியே இருக்குடி. கழட்டத்தான் முடியல" என்றாள் அக்கா.

இதை இங்க்ரிட்டிடம் சொன்னேன். பாவம், பாதிதான் விளங்கியது. மறுநாள் ஒரு சோடி கம்பளிக் கையுறையை என் மேசையில் வைத்து, "உன் அக்காவுக்கு" என்றாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நன்றி சொன்னேன்.

போன வாரம் என் கையுறையை மறந்துவிட்டுப் பஸ்ஸுக்கு நின்றேன். ஆய்வுகூடத்துக்குள் வந்து சூடேறியதும் விரல்கள் ஊசியாகக் குத்தின. அந்த நேரம் பார்த்து அக்கா வீடியோவில் வந்தாள். அங்கே பகல், கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

"மருந்து வந்துருமாடி?"

"நாளாகும்க்கா. இப்பதான் தட்டுல வச்சுப் பாக்குறோம்."

"சரி, சரி. ஏன் மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு?"

"கை வெறைச்சு, இப்ப குத்துதுக்கா. உயிர் போகுது."

அக்கா தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"குடுத்து வச்சவடி நீ."

அழைப்பு முடிந்தது. இங்க்ரிட் தந்த கையுறை இன்னும் மேசையில்தான் கிடந்தது. அதை ஊருக்கு அனுப்பவும் மனம் வரவில்லை, நான் போட்டுக்கொள்ளவும் வரவில்லை. விரல்கள் குத்தக் குத்தச் செல்களின் பெட்டியைத் திறந்து ஒரு தட்டை எடுத்து, மற்றவற்றுக்குக் குளிருமுன் மூடினேன்.